குண்டிக்காய் வறுவலும் கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஏழும்

என் கிட்னி நல்ல கிட்னி. இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத்தில் போட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் ஒரு காலத்தில் கடலூரிலிருந்து திட்டக்குடி வரைக்கும் என் சொந்தபந்தம் அத்தனையும், "பி.டி. மாஸ்டருக்கே கிட்னி புட்டுக்கிச்சாம்" என்று பேசித் தீர்த்தது. அதில் ஒருத்தராவது பிறகு வந்து, "தெரியாம பேசிட்டோம்பா" என்று சொன்னதில்லை. சொல்லாவிட்டால் போகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன்.

கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். அதற்கு முன்னால் கபடி. சுற்றுவட்டாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது என்று நானே சொல்லக்கூடாது, ஆனால் அதுதான் உண்மை. 2008இல் எனக்கு நாற்பத்துநாலு வயது. அப்போதும் காலையில் தண்டால், பஸ்கி, பையன்களோடு மைதானத்தைச் சுற்றி ஓட்டம் எல்லாம் உண்டு. சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் கையளவை இரண்டு தடவை எடுப்பார். என் மனைவி கோமதி சிதம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள்.

அந்த வருஷம் ஆடி மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. "செருப்பு சின்னதா போச்சுங்க" என்றாள். நானும் முட்டாள் மாதிரி மேல வீதிக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளில் அதுவும் ஏறவில்லை. பிறகு முகம் வீங்கியது, சோற்றைப் பார்த்தாலே வாந்தி, வாயில் எப்போதும் ஏதோ இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். சிதம்பரத்தில் காட்டினோம். இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் உடனே கடலூருக்குப் போகச் சொன்னார்கள், அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிட்னிக்கென்று தனி டாக்டர் இருக்கிறார் என்று.

அந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சுற்றி வளைக்கத் தெரியாது. ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு. எப்பவோ ஆரம்பிச்சிருக்கு, வெளியில தெரியல" என்றார். கோமதியின் கிரியேட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

கிரியேட்டினின் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நம் உடம்பில் சதை இருக்கிறதே, அது சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் தினம் ஒரு கழிவை இரத்தத்தில் விடும். அதுதான் கிரியேட்டினின். கிட்னி அதை வடிகட்டிச் சிறுநீரில் தள்ளிவிடும். ஆகவே இரத்தத்தில் அது ஏறிப்போனால், வடிகட்டி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நல்ல ஆளுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். என் கோமதிக்கு ஒன்பது.

டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவை சிதம்பரத்திலிருந்து அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போய்த் திரும்ப முடியாது. அதனால் கடலூர் முதுநகரில் இருக்கிற அவள் அம்மா வீட்டிலேயே விட்டேன். நான் பள்ளி முடிந்து புவனகிரி போய்க் கடலூர் பஸ் பிடித்து, இருட்டுகிற நேரத்துக்கு அங்கே போய்விடுவேன். காலையில் திரும்பப் பள்ளி. அந்த வீட்டில் என் அத்தையும் மச்சான் சேகரும் இருந்தார்கள். சேகர் கோமதிக்குத் தம்பி. குடிகாட்டுப் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை. அக்கா என்றால் உயிரை விடுகிற பையன். பில் கட்டவேண்டிய அன்றைக்கு என்னை முந்திக்கொண்டு கவுண்ட்டரில் போய் நிற்பான், தள்ளினாலும் நகரமாட்டான்.

டயாலிசிஸ் ஊசி வலியைக்கூட அவள் சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாதது தாகம்தான். சிறுநீர் வராதவர்கள் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான், காபி, குழம்பு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். காலையில் ஒரு கலர் பாட்டிலில் அளந்து ஊற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். மத்தியானம் ஆவதற்குள் பாட்டிலை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். சில நாள் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் கண்ணெதிரே ஒரு சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடிக்க என்னால் முடியவில்லை. வீட்டில் மட்டும் என்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் பள்ளியிலும் அப்படியே ஆகிவிட்டது. தண்ணீரைக் கண்டாலே அவள் ஞாபகம். டீ குடித்தேன், வேறு வழியில்லாமல் இரண்டு மடக்கு குடித்தேன், அவ்வளவுதான். இது யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா, "மாத்து கிட்னி வெச்சா நல்லா இருப்பாங்க. வீட்டுல யாரு குடுக்கறீங்க?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் சேகர் கையைத் தூக்கிவிட்டான். இரத்தம் எடுத்துப் பார்த்தால் அவனுக்குச் சர்க்கரை, அவனுக்கே அது அன்றுதான் தெரியும். அத்தைக்குச் சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே உண்டு. மிச்சம் நான்தான். என் இரத்தம் ஓ பாசிடிவ், யாருக்கும் சேரும்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் ஹாலில் கிட்னி கொடுக்க வந்தவர்களாக நான் பார்த்தது எல்லாம் பெண்கள்தான். புருஷனுக்குக் கொடுக்க வந்தவள், பிள்ளைக்குக் கொடுக்க வந்தவள், அண்ணனுக்குக் கொடுக்க வந்தவள். ஒரு பண்ருட்டி அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு யாரு தம்பி குடுக்கறாங்க? சம்சாரமா?" என்று கேட்டார். "நான்தான்மா சம்சாரத்துக்குக் குடுக்கறேன்" என்றேன். அந்தம்மா பக்கத்தில் இருந்தவளைத் தட்டி எழுப்பி அதைச் சொன்னார். அப்புறம் ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்த அன்றைக்கே என் அத்தை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார். "எம்பொண்ணுக்கு குடுக்கற ஒடம்பு, அதுக்கு தெம்பு வேணாமா மாப்ள?" முதுநகர்க் கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுக் குண்டிக்காய் வரவழைத்தார். குண்டிக்காய் என்றால் ஆட்டின் கிட்னிதான். எந்த உறுப்பு பலவீனமோ அந்த உறுப்பைத் தின்றால் சேரும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. நெஞ்சுச் சளிக்கு நெஞ்செலும்பு சூப், இரத்தம் குறைந்தால் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், அதே மாதிரி கிட்னி கொடுப்பவனுக்குக் குண்டிக்காய். சின்ன வெங்காயம், மிளகு போட்டு வறுத்து, ஒரு தட்டு நிறைய ராத்திரிக்கு ஒன்று, காலையில் டிபனோடு ஒன்று. கூடவே கால் சூப். ருசியென்றால் அப்படி ஒரு ருசி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் முதல் பரிசோதனைக்குக் காலையில் அதைத்தான் தின்றுவிட்டுப் போனேன். கிரியேட்டினின் ஒன்று புள்ளி நான்கு. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே. ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பாப்போம்."

வீட்டில் போய் இதைச் சொன்னதும் அத்தை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "மாப்ளைக்கு கிட்னி வீக்கா இருக்குதாம்டா சேகரு!" அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து குண்டிக்காய் இரட்டிப்பானது. டிபன் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கும் அனுப்பினார். நானும் ரோஷத்தில் தண்டாலைக் கூட்டினேன், உடம்பு பலமாக இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? இரண்டு வாரம் கழித்து, விடியற்காலையில் வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு, ஒரு தட்டு வறுவலைத் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்காமல் போய்க் கையை நீட்டினேன்.

ஒன்று புள்ளி ஏழு.

டாக்டரம்மா அதை ஒரு கணக்கில் போட்டார். வயது, ஆணா பெண்ணா, கிரியேட்டினின் எவ்வளவு என்று கொடுத்தால், கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லி இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லும். அதற்குப் பெயர் ஜி.எஃப்.ஆர். தானம் கொடுக்கிறவருக்கு அது எண்பதுக்குக் கீழே இருக்கக் கூடாது. எனக்கு வந்தது நாற்பத்துநாலு.

"சார், மன்னிச்சுக்கோங்க. இத வெச்சு உங்ககிட்ட கிட்னி எடுக்க எந்த ஆஸ்பத்திரியும் ஒத்துக்காது. நீங்களே இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்."

என் வயதும் அந்த எண்ணும் ஒன்றாக இருந்தது வேறு ஏதோ கெட்ட சகுனம் மாதிரிப் பட்டது. கோமதிக்கு இனி யார் என்று ஒரு பக்கம். எனக்கும் அதே வியாதி வந்துவிட்டதா, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மெஷினில் கிடக்கப் போகிறோமா என்று இன்னொரு பக்கம். மைதானத்தில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரிப் பயந்தது கிடையாது.

வெளியே டீக்கடையில் சேகர் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "மாமா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க. உங்க ஒடம்புக்கு கிட்னி சரியில்லன்னா எவன் நம்புவான்?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று பள்ளிக்கூடத்துக்கே தெரியும். டீ கிளாஸை வைத்த வேகத்தில் அது உடைந்தது. "டேய், டாக்டருக்கு காசு குடுத்து பொய் ரிப்போர்ட் வாங்கிட்டேன்னு சொல்றியா?" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் அழுதுவிட்டான். "எனக்கு எங்க அக்கா வேணும் மாமா" என்றான். நானும் அங்கேயே அழுதேன். உடைந்த கிளாஸைக் கடைக்காரர் கூட்டித் தள்ளினார்.

திட்டக்குடியிலிருந்து என் சொந்த அக்கா போன் போட்டு, "நல்லதா போச்சு வுடு, உன் ஒடம்ப பாத்துக்க" என்றது. போனைக் கட் பண்ணிவிட்டேன். மூன்று மாதம் பேசவில்லை.

இதெல்லாம் பொறுக்காமல் என் அத்தை ஒரு நாள் நேரே டாக்டரம்மாவிடம் சண்டைக்கு வந்துவிட்டார். நானும் கூட இருந்தேன். டாக்டரம்மாவின் மேசை மீது டிபன் கேரியரை டங்கென்று வைத்தார் அத்தை. "என்னா டாக்டரம்மா நீங்க? தெனம் ரெண்டு வேள குண்டிக்காய் வறுத்துக் குடுக்கறேன். கால் சூப்பு குடுக்கறேன். அப்படி தின்ன மனுசனுக்கு எப்படிம்மா கிட்னி வீக்காவும்?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என்ன குடுத்தீங்க?"

"குண்டிக்காய்ம்மா. ஆட்டுது."

"டெஸ்டுக்கு வந்த அன்னிக்குமா?"

"அன்னிக்குதான் ஜாஸ்தியா குடுத்தேன்!"

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு விளக்கினார். கிரியேட்டினின் சதையிலிருந்து வருவது. நம் சதையிலிருந்து மட்டும் அல்ல, நாம் தின்கிற சமைத்த கறியிலிருந்தும் வரும். கறி தின்ற சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் அது ஏறி நிற்கும். இயந்திரம் அது ஆட்டுடையதா மாஸ்டருடையதா என்று பார்க்காது, எண்ணைத்தான் சொல்லும். கடுமையாக ஓடினாலும் ஏறும்.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க சார்?"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். திரும்பவும் கேட்டார். "கம்மிதான்" என்றேன். "ஏன்?" என்றார். விடாக்கண்டியாக இருந்தார். கடைசியில் சொல்லிவிட்டேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தை வாயைப் பொத்தியதெல்லாம் ஆஸ்பத்திரியோடு சரி. வீட்டுக்குப் போனதும் கோமதியிடம் கொட்டிவிட்டார். அன்று டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் ஆகி அவ்வளவு வருஷத்தில் அவள் என்னை அப்படித் திட்டியதில்லை.

"தாகத்தோட இருந்தீங்களா? யாரு இருக்கச் சொன்னது உங்கள? எனக்கு தர வேண்டியத காயப்போட்டு வெச்சிருக்கீங்களே, அறிவு இருக்கா?" அம்மாவைப் பார்த்து, "சொம்புல தண்ணி கொண்டாம்மா" என்றாள். அத்தை கொண்டுவந்த சொம்பை வாங்கி என் கையில் கொடுத்தாள். "குடிங்க. என் எதிருலயே குடிங்க. நீங்க குடிங்க, நான் பாக்கறேன்."

குடித்தேன். அவள் உதடு வெடித்திருந்தது. கண்ணை எடுக்காமல் என் தொண்டையையே பார்த்தாள். அந்தச் சொம்பை முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. காலி செய்ததும், "இன்னொண்ணு" என்றாள். அதற்கப்புறம் தினமும் இதுதான் வழக்கம். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் சொம்பு தயாராக இருக்கும், அவள் பார்க்க நான் குடிக்க வேண்டும்.

கறியை நிறுத்தினேன், தண்டாலைக் குறைத்தேன், தண்ணீர் குடித்தேன். ஒரு வாரம் கழித்துக் கிரியேட்டினின் ஒன்று புள்ளி மூன்று. எங்களுக்குக் கொண்டாட்டம். டாக்டரம்மா மட்டும் கொண்டாடவில்லை. கணக்கில் போட்டால் அறுபதுதான் வந்தது. எண்பது வேண்டும்.

"உங்க சதை ஜாஸ்தி சார். சாதாரண ஆளுக்குப் போட்ட கணக்கு அது. உங்க மாதிரி ஆளுக்கு கிட்னி நல்லா இருந்தாலும் இரத்தத்துல கொஞ்சம் ஜாஸ்தியாதான் நிக்கும். இது எனக்குப் புரியுது. சென்னையில ஆபரேஷன் பண்றவங்களுக்கு ஆதாரம் வேணும்."

முதலில் இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பெரிய கேன் கொடுத்தார்கள். அதைப் பள்ளியில் வாலிபால் வைக்கிற அறையில் மறைத்து வைத்தேன். அன்று பார்த்து மண்டல விளையாட்டுப் போட்டிக்கு நடுவராக என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேன் கீரப்பாளையத்தில், நான் புவனகிரியில். பாதிதான் சேர்ந்தது. ஒரு சொட்டு விட்டுப்போனாலும் கணக்குத் தப்பு என்று டாக்டரம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"விடுங்க சார். உங்க உடம்புல உண்டாகிறத வெச்சு அளந்தாதானே இந்தக் குழப்பம்? வெளியிலேர்ந்து ஒண்ண உள்ள விட்டு அளப்போம்" என்றார்.

அதுதான் கடைசியில் எங்களைக் கரையேற்றிய பரிசோதனை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், என் மாதிரி யாராவது மாட்டிக்கொண்டால் உதவும். அயோஹெக்சால் என்று ஒரு மருந்து. ஸ்கேன் எடுக்கும்போது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றுவார்களே, அதேதான். அது உடம்பில் தானாக உண்டாகாது. சதையில் ஒட்டாது, கறி தின்றாலும் ஏறாது, ஓடினாலும் ஏறாது. கிட்னி மட்டும்தான் அதை வடிகட்டி வெளியே தள்ளும். அளந்து கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு, சில மணி நேரத்துக்கு அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்தால், அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தெரியும். சீக்கிரம் குறைந்தால் கிட்னி சுறுசுறுப்பு. மெதுவாகக் குறைந்தால் கிட்னி சோம்பேறி.

அத்தைக்கு இது ஏறவில்லை. டாக்டரம்மா அவருக்கு வேறு மாதிரிச் சொன்னார். "ஒரு தொட்டித் தண்ணியில துணிக்குப் போடற நீலத்தக் கலக்கறோம். கீழ தொறந்து வுட்டுட்டு மேல நல்ல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோம். எவ்வளவு சீக்கிரம் நீலம் வெளுக்குதோ, அந்த அளவுக்குத் தண்ணி ஓடுதுன்னு அர்த்தம் இல்லையா?" அத்தை யோசித்துவிட்டு, "அப்ப குண்டிக்காய் தின்னாலும் இதுல தெரியாதா?" என்று கேட்டார். "தெரியாது. ஆனா தயவுசெஞ்சு குடுக்காதீங்க" என்று கும்பிட்டார் டாக்டரம்மா.

பரிசோதனை அன்று ஒரு கையில் மருந்து ஏற்றினார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடியது, உடனே அடங்கிவிட்டது. பிறகு மறு கையிலிருந்து நேரம் பார்த்து இரத்தம் எடுத்தார்கள். நடுவில் சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். அன்று கோமதிக்கும் டயாலிசிஸ். கண்ணாடிக் கதவு வழியே அவள் மெஷின் தெரிந்தது. அவள் இரத்தத்தை மெஷின் கழுவிக்கொண்டிருந்தது, என் இரத்தத்தை என் கிட்னி கழுவிக்கொண்டிருந்தது. நான் என் இடுப்பில் கையை வைத்து, "டேய், மானத்த வாங்கிடாதீங்கடா" என்று மனசுக்குள் சொன்னேன். கபடியில் கடைசி ரெய்டுக்குப் போகிற பையனிடம் சொல்வது மாதிரித்தான்.

அந்த மருந்தை அளக்கிற கருவி கடலூரில் கிடையாது. இரத்தத்தைத் தெளிய வைத்துச் சின்னச் சின்னக் குப்பியில் அடைத்துச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். கூரியரில் போட்டால் எங்கே வெயிலில் கிடக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தபோது சேகர் எழுந்தான். துறைமுகத்தில் இறால் ஏற்றுகிற புது தெர்மாகோல் பெட்டி ஒன்றை ஐஸோடு கொண்டுவந்து வைத்தான். "நானே எடுத்துக்கிட்டு போறேன் மாமா" என்றான். டீக்கடைக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசியிருக்கவில்லை. ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, அந்தப் பெட்டியைச் சென்னை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். பக்கத்து சீட்டுக்காரர், "இறாலு என்னா வெலப்பா?" என்று கேட்டாராம். "இது விக்கறதுக்கு இல்லீங்க, எங்க மாமா ரத்தம்" என்று இவன் சொன்னதும் அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாராம். போனில் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்களுக்குள் இருந்தது அதோடு தீர்ந்தது.

முடிவு வந்த அன்று சாயங்காலம் நான் மைதானத்தில் பையன்களுக்குக் கபடி நடத்திக்கொண்டிருந்தேன். விசில் வாயில் இருந்தது. போன் அடித்தது. டாக்டரம்மா.

"சார், நூத்தி நாலு."

"என்னம்மா நூத்தி நாலு?"

"உங்க ஜி.எஃப்.ஆர். எண்பது வேணும்னு சொன்னேன் இல்ல? நூத்தி நாலு இருக்கு. உங்க கிட்னி குதிரை மாதிரி ஓடுது சார். சென்னைக்கு எழுதிட்டேன், அவுங்க ஓகே சொல்லிட்டாங்க."

விசிலைத் திரும்ப வாயில் வைத்து ஊதினேன். மூச்சு இருக்கிற மட்டும் ஊதினேன். ஆட்டம் அப்படியே நின்றது. பிடிபட்டவனும் பிடித்தவனும் மண்ணில் கிடந்தபடி, யார் தப்பு பண்ணியது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். "யாரும் தப்பு பண்ணலடா!" என்று கத்திவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். தலைமை ஆசிரியர் வராண்டாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு சுற்றும் ஓடினேன்.

சென்னை ஆஸ்பத்திரியைப் பற்றி நிறைய எழுதலாம். விசாரணைக் குழு முன்னால் நான் நின்றது ஒன்று மட்டும் சொல்கிறேன். "யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார்கள். "வேணாம்னுதாங்க எங்க அக்கா வற்புறுத்துச்சு" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

மயக்கம் தெளிந்து நான் கண்ணைத் திறந்தபோது விலாவுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி வலி. சேகர் முகம் மேலே தெரிந்தது. மாஸ்க்குக்கு மேலே கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு உயிர் போயிற்று. "என்னடா ஆச்சு?" என்றேன். "மாமா, வெச்ச ஒடனே வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சாம். ஆபரேஷன் டேபிள்லயே யூரின் வந்துடுச்சாம் மாமா. பை பையா வருதாம்!" என்றான். இந்த உலகத்தில் சிறுநீர் வந்ததற்காக இரண்டு ஆண்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதிருப்பார்களா தெரியாது. நாங்கள் அழுதோம்.

சில நாள் கழித்து என்னை நடக்க விட்டார்கள். கிருமி தொற்றக்கூடாது என்று கோமதியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். எனக்குக் கவுனும் மாஸ்க்கும் மாட்டி, வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். முகத்தில் வீக்கம் இல்லை. செருப்பு வாங்குவதற்கு முன்னால் இருந்த கோமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று என்று சிஸ்டர் சொன்னார். புதுக் கிட்னிக்குத் தண்ணீர் வேண்டும், நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம், காலையிலிருந்து குடிக்காமல் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று குறைபட்டுக்கொண்டார்.

மேசையில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. கோமதி அதை எடுத்து மூடியைத் திருகினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க. அங்கயே நில்லுங்க" என்றாள். "இப்ப நான் குடிக்கறேன், நீங்க பாருங்க."

தலையை அண்ணாந்து குடித்தாள். கழுத்து ஏறி இறங்கியது. ஓரத்தில் வழிந்து கவுன் நனைந்தது, துடைக்கவில்லை. அளக்கவில்லை, நடுவில் பாட்டிலைத் தூக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவும் இல்லை. முழுசும் குடித்து முடித்து, பாட்டிலைக் கவிழ்த்து எனக்குக் காட்டினாள். பிறகு சிஸ்டர் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடுங்க சிஸ்டர்."